ராமேஸ்வரம் ரயிலின் ஜன்னலோரப் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகபயணிகளே,

மண்டபம் நிலையம் தாண்டியதும் இருக்கையை விட்டு எழுந்து ஜன்னலுக்கும் வாசலுக்கும் போகிற எல்லாருக்கும்தான் இந்த மடல். காசியிலிருந்து கங்கைத் தண்ணீரோடு வருகிறவர்கள், மதுரையில் காலையில் ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு இரவுக்குள் வீடு சேர நினைக்கிறவர்கள், பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள், கைபேசித் திரை வழியாகவே கடலைப் பார்க்கிற இளைஞர்கள், ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போய்விட்டுத் தங்கச்சிமடத்துக்குத் திரும்புகிற தீவுக்காரர்கள் என எல்லாரும் இதில் சேர்த்தி. பாம்பன் கடலுக்கு மேல் உங்களைக் கொண்டுபோகிற புதிய பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மண்டபம் வருவதற்குள் படித்து முடித்துவிடுங்கள். பாலத்தில் ஏறிய பிறகு உங்களுக்கு நேரம் இருக்காது.

கணக்கைப் பாருங்கள். பாலத்தின் நீளம் 2.08 கிலோமீட்டர். பழைய பாலத்தில், அதன் கடைசிக் காலத்தில், ரயில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. கடலைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. புதிய பாலத்துக்குக் கிடைத்த அனுமதி மணிக்கு 75 கிலோமீட்டர். நடுவில் உள்ள தூக்குப் பகுதியில் மட்டும் 50. அந்த வேகத்தில் போனால் சுமார் இரண்டு நிமிடத்தில் மறுகரை வந்துவிடும். பொறியாளர்கள் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறார்கள். ஆனால் பாலத்தைப் பார்ப்பதற்கு நமக்கு இருந்த நேரத்திலிருந்துதான் அந்தப் பத்து நிமிடமும் போயிருக்கிறது.

பழைய பாலத்தில் பயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கீழே பார்த்தால் தண்ணீர், பக்கத்தில் பிடிமானம் என்று எதுவும் இல்லை, சக்கரம் ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் ஒரு சத்தம். பயந்ததாலேயே நாம் பாலத்தைக் கவனித்தோம். புதிய பாலம் அந்தப் பயத்தைத் தரவில்லை. அதனால் கவனமும் குறைந்துபோயிற்று. பலருக்கு இன்று பாம்பன் பாலம் என்றால், நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி மேலே போகிற ஒரு சிறு வீடியோ, அவ்வளவுதான். வியக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த வீடியோவில் விழாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் இடம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய பாம்பன் கால்வாய். ஆழம் குறைவுதான், ஆனால் நீரோட்டமும் காற்றும் இங்கே சும்மா இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலில் உருவாகும் புயலுக்கு இந்தத் தீவு நேர் வழியில் நிற்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் 1914 பிப்ரவரி 24 அன்று முதல் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து ‘போட் மெயில்’ பிடித்து, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு என்று ஒரே பயணச்சீட்டில் போக வழி செய்த பாலம் அது.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைப் பற்றித் தீவில் எந்தப் பெரியவரிடம் கேட்டாலும் சொல்வார். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டது. அதில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கண்களில், அதாவது தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதிகளில், கர்டர்கள் பிய்ந்து கடலுக்குள் போயின. நடுவில் கப்பலுக்காகத் திறக்கும் தூக்குப் பகுதி மட்டும் நின்றது. சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அந்த வேலை ஒரு இளம் பொறியாளரிடம் வந்தது. கடலடியில் கிடந்த கர்டர்களையே தேடித் தூக்கி, 46 நாளில் பாலத்தை ஓடவிட்டார். பிற்காலத்தில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டிய இ.ஸ்ரீதரன்தான் அவர்.

இந்தக் கதையைப் பெருமைக்காக எல்லாரும் சொல்கிறோம். பொறியியல் படித்தவர்கள் அதில் இன்னொன்றையும் பார்ப்பார்கள். கனமான நடுப்பகுதி நிற்க, சிறிய கர்டர்கள் ஏன் போயின? சின்ன இரும்புச் சட்டங்கள் நீர்மட்டத்துக்கு அருகில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. புயலில் கடல் எழும்பி வந்தபோது அலை அவற்றைப் பக்கவாட்டில் தள்ளியதோடு அடியிலிருந்தும் தூக்கியிருக்கும். மேலிருந்து அழுத்தும் ரயிலைத் தாங்கக் கட்டியதை, கீழிருந்து தள்ளும் கடலும் சோதிக்கும் என்பது இந்தக் கால்வாயின் பாடம். புதிய பாலம் பழையதைவிட 3 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கும்போது இந்த 3 மீட்டர் உங்களுக்குத் தெரியவே தெரியாது. புயல் வரும் நாளில் கடலுக்குத் தெரியும்.

பாலத்தில் ஏறியதும் தூண்களை எண்ணிப் பார்க்க நினைப்பீர்கள். முடியாது. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே 18.3 மீட்டர், 75 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு நொடிகூட இல்லை. பழைய பாலத்தில் 145 சிறு கண்கள், ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர். புதியதில் 99, ஒவ்வொன்றும் 18.3 மீட்டர், அவற்றோடு 72.5 மீட்டர் நீளத்தில் ஒரு தூக்குக் கண். எண்ணிக்கை குறைந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். தண்ணீருக்குள் நிற்கும் கால்கள் குறைகின்றன. கடலில் ஒரு கால் ஊன்றுவது என்பது நீரோட்டத்தை மறித்து, அடிமண் அரிப்பைச் சமாளித்து, உப்புக்கு ஒரு புது வாசல் திறந்துவிடுவது. நூறாண்டுகளுக்கு முன் 12 மீட்டர் கர்டருக்கு மேல் போவது இந்த இடத்தில் சிரமமாக இருந்திருக்கும். இன்று 18 மீட்டர் சாதாரணம். கால்களைக் குறைத்தது அந்த வசதியால்தான்.

குறைந்தது என்றாலும் தண்ணீருக்கு அடியில் வேலை கொஞ்சம் இல்லை. 333 பைல்கள், அதாவது அடித்தளக் கம்பங்கள், கடலடி மண்ணுக்குள் இறங்கியிருக்கின்றன. அவற்றின் தலைகளைக் குழுக்குழுவாகக் கட்டிப்போடும் கான்கிரீட் தொப்பிகள் மேல்தான் தூண்கள் நிற்கின்றன. மிதவை மேல் இயந்திரத்தை நிறுத்தி, காற்று அடங்கும் நேரம் பார்த்து, ஒவ்வொன்றாகத் துளையிட்டு இறக்கியவை. கடலில் பாலம் கட்டுகிறவர்களிடம் கேட்டால், ஒரு வருடத்தில் எத்தனை நாள் வேலை செய்தோம் என்பதைவிடக் காற்று எத்தனை நாள் வேலை செய்ய விட்டது என்றுதான் சொல்வார்கள். 2020இல் தொடங்கிய வேலை, இடையில் கொரோனா முடக்கத்தையும் புயல்களையும் தாண்டித்தான் முடிந்தது. இன்னொன்று: இப்போது ஓடுவது ஒற்றைத் தண்டவாளம்தான், ஆனால் கடலுக்குள் ஊன்றிய அடித்தளம் இரட்டைப் பாதைக்குப் போதுமானதாகவே கட்டப்பட்டிருக்கிறது. இன்னும் வராத ஒரு ரயிலுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பைல்கள் மண்ணுக்குள் நிற்கின்றன.

இப்போது நடுப்பகுதிக்கு வருவோம். இரண்டு பக்கமும் உயர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரங்களைப் பார்த்ததும் கைபேசிகள் எல்லாம் மேலே எழும். அங்கே வண்டி வேகம் குறையும். அந்த 72.5 மீட்டரை நீங்கள் கடப்பது ஐந்தாறு நொடிகள். அதற்குள் என்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கப்பல் போக வழிவிடும் பாலம் இங்கே புதிது இல்லை. பழைய பாலத்தின் ஷெர்சர் பகுதி, அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் பெயரில் வந்த வடிவம். நடுவில் பிளந்து, இரண்டு இறக்கைகளாக இரு பக்கமும் சாய்ந்து எழும்பும். தொழிலாளர்கள் நெம்புகோலைக் கையால் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். அழகில் அதற்கு இணை கிடையாது. ஆனால் ஒரு குறை அதன் வடிவத்திலேயே இருந்தது. பாலம் மூடியிருக்கும்போதும் இரண்டு இறக்கைகளும் சந்திக்கும் இடம் நட்டநடுவில்தான். ரயிலின் பாரம் அதிகம் உறுத்தும் அதே நடு இடத்தில் ஒரு மூட்டு. ஒவ்வொரு வண்டியும் அந்த மூட்டின் மேல் ஏறி இறங்கியது. மீட்டர் கேஜில் ஓடிய சிறு வண்டிகளுக்காகக் கட்டிய அந்தப் பாலத்தில், பலப்படுத்திய பிறகு 2007 முதல் அகலப்பாதை வண்டிகள் ஓடின. 2022 டிசம்பரில் அந்தத் தூக்குப் பகுதியில் அதிர்வு கவலை தரும் அளவுக்குப் போனதும், ரயில்கள் நிறுத்தப்பட்டன.

புதிய தூக்குப் பகுதியில் நடு மூட்டு இல்லை. 660 டன் எடையுள்ள ஒரே முழு இரும்புக் கூடு, இரண்டு முனைகளிலும் உட்கார்ந்திருக்கிறது. ரயில் மேலே ஓடும்போது அது மற்றக் கண்களைப் போல ஒரு சாதாரணப் பாலம். அசைவு என்ற பேச்சே இல்லை. கப்பல் வரும்போது மட்டும் அது படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் உயரம் செங்குத்தாக எழும்புகிறது. இந்தியாவில் கடலுக்கு மேல் இப்படி எழும் ரயில் பாலம் இதுதான் முதல்.

660 டன்னைத் தூக்க எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும் என்று யோசிப்பீர்கள். இங்கேதான் ரகசியம். கிணற்றுக் கப்பியில் ஒரே கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டி இறைத்தவர்களுக்கு இது புரியும்: ஒன்று இறங்கும்போது மற்றது தானே ஏறும். கோபுரத்தின் உச்சியில் பெரிய சக்கரங்கள். அவற்றின் மேல் எஃகுக் கயிறுகள். கயிற்றின் ஒரு முனையில் பாலம், மறு முனையில் கோபுரத்துக்குள் தொங்கும் எதிர் எடை. இரண்டு பக்க எதிர் எடைகளும் சேர்ந்தால் பாலத்தின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே மோட்டார் 660 டன்னைத் தூக்குவதில்லை. உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும், இரு பக்கத்துக்கும் இடையே மிச்சம் இருக்கும் சிறு வித்தியாசத்தையும்தான் அது சமாளிக்கிறது. ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வேலை முடிகிறது. கீழே போகிறவர்கள் பாலம் தூக்கப்படுகிறது என்று நினைக்கிறார்கள். பாலம் எப்போதுமே தூக்கித்தான் வைக்கப்பட்டிருக்கிறது, மோட்டார் கொஞ்சம் அசைத்துவிடுகிறது.

கடினமான வேலை வேறொன்று. இரண்டு கோபுரங்களும் தனித்தனி. ஒரு பக்கம் ஒரு சாண் முந்தி, மறு பக்கம் பிந்தினால் கூடு சாய்ந்து, வழிகாட்டிச் சட்டங்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளும். எனவே இரு முனைகளும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ஏற வேண்டும். கணினிக் கட்டுப்பாடு அதைத்தான் கணத்துக்குக் கணம் கவனிக்கிறது. இறங்கி உட்கார்ந்ததும் இந்தப் பக்கத் தண்டவாளமும் அந்தப் பக்கத் தண்டவாளமும் நேர்கோட்டில் பொருந்த வேண்டும். பூட்டு விழ வேண்டும். அதன் பிறகுதான் சிக்னல் பச்சை காட்டும். தூக்குக் கண்ணின் தொடக்கத்திலும் முடிவிலும் சக்கரத்தின் ஓசை மாறுவதைக் காதால் கவனியுங்கள். பாலம் தனியாகப் பிரிந்து போகக் கூடிய இடம் அதுதான். கண் தவறவிட்டாலும் காது பிடித்துவிடும்.

‘இறக்கை மாதிரி திறந்தால் வானம் வரை வழி கிடைக்குமே, லிஃப்ட் மாதிரி போனால் உயரம் அடைபடுமே’ என்று கேட்கிற ஒருவர் எந்தப் பெட்டியிலும் இருப்பார். சரியான கேள்வி. விடை பக்கத்திலேயே நிற்கிறது. 1988இல் திறந்த சாலைப் பாலம் ரயில் பாலத்துக்கு அருகிலேயே இதே கால்வாயைத் தாண்டுகிறது. அது திறக்காது, மடங்காது. எந்தக் கப்பலும் அதன் அடியில்தான் போயாக வேண்டும். ஆகவே ரயில் பாலம் எவ்வளவு உயரம் திறந்தாலும் பயன், சாலைப் பாலத்தின் உயரம் வரைதான். புதிய தூக்குப் பகுதி முழுதும் எழும்பினால் நீருக்கு மேல் 22 மீட்டர் இடைவெளி கிடைக்கும். சாலைப் பாலம் விடுவதும் அதே அளவுதான். ஷெர்சர் இறக்கைகளின் எல்லையற்ற உயரம் 1988ஆம் ஆண்டே தேவையற்றதாகிவிட்டது. இந்த ஒரு கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தப் பாலத்தின் மேல் உண்மையான மரியாதை வந்தது. இருக்கிற இடத்தில் எது தேவையோ அதை மட்டும் அளந்து எடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கூட்டை அங்கே கொண்டுவந்து வைத்ததும் தனிக் கதை. நடுக்கடலில் கிரேன் வைத்துத் தூக்கி இறக்கிவிடவில்லை. தீவுப் பக்கத்தில் பாகங்களைக் கோத்து, கட்டி முடித்திருந்த பாலத்தின் மேலேயே, 2024இல் மாதக்கணக்காக மெல்ல நகர்த்திக் கொண்டுபோனார்கள். பாதை நேராக இருந்தாலாவது பரவாயில்லை. அந்த இடத்தில் 2.65 பாகை வளைவு. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள நேரான பெட்டி ஒன்று வளைந்த வழியில் போனால் எடை ஒரு பக்கமாகச் சரியும். ஒவ்வொரு நகர்வுக்கும் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்று பார்த்து, சரிபார்த்து, அடுத்த அடி. நீங்கள் ஒரு நொடியில் தாண்டும் தூரம், அந்தக் கூட்டுக்குப் பல நாள் பயணம்.

இனி நான் சொல்லப்போவது யாருமே படம் எடுக்காத விஷயம். துரு. பாம்பனில் சைக்கிள் வைத்திருக்கும் யாரிடமும் கேளுங்கள், உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று. உலகிலேயே இரும்பை மிக வேகமாக அரிக்கும் கடற்கரைகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பொதுவாகப் பத்திரமாக இருக்கும். சிமென்ட்டின் காரத்தன்மை கம்பி மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கும். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே ஊடுருவி வந்தால் அந்தப் படலம் உடையும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பாகத்தைவிட, அலை அடித்து நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனையும் பாகம்தான் முதலில் கெடும். அங்கே உப்பும் உண்டு, காற்றும் உண்டு.

இதற்குப் பாலத்தில் செய்திருக்கும் ஏற்பாடுகள் பல அடுக்கு. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். மேலே இரும்புக் கூட்டுக்கு முதலில் துத்தநாகப் பூச்சு. அதன் மேல் இபாக்ஸி. அதற்கும் மேல் பாலிசிலாக்சேன் என்ற பூச்சு. துத்தநாகத்தின் வேலை விசித்திரமானது. மேல் பூச்சில் எங்காவது கீறல் விழுந்து உப்புநீர் உள்ளே போனால், இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்துவிடும். பழைய பாலம் ரிவெட் அடித்துக் கட்டியது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே இருந்த நுண் இடுக்குகளில் உப்புநீர் தங்கி உள்ளுக்குள்ளேயே தின்னும். புதியது முழுக்க வெல்டிங். இடுக்கு இல்லை. ஆனால் வெல்டிங்கில் ஒரு குமிழோ பிசகோ இருந்தால், ரயில் போகப்போக அங்கிருந்து விரிசல் கிளம்பலாம். ஆகவே அல்ட்ராசோனிக் கருவியால் உள்ளே துழாவிப் பார்த்தாக வேண்டியிருந்தது. ஒரு ஆபத்தை நீக்கினால் இன்னொன்று வரும், அதற்கும் ஏற்பாடு வேண்டும். பாலப் பொறியியலின் பாதி வேலை இதுதான்.

இந்த இடத்தில் பாராட்டை மட்டும் பேசிவிட்டுப் போனால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். புதிய ரயில் பாதையில் பயணிகள் ஏறும் முன் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வேலை செய்பவர் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். கட்டியவர்களே தங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 2024 நவம்பரில் அவர் பாம்பனுக்கு வந்து பாலத்தைச் சோதித்தார். திட்டமிட்ட விதத்திலேயே குறைகள் இருந்ததாக எழுதினார். ரயில்வேயின் சொந்த ஆராய்ச்சி அமைப்பை வடிவமைப்பில் முறையாகச் சேர்க்காததைக் கண்டித்தார். சில பாகங்களில் அரிப்பு தொடங்கியிருப்பதையும் குறிப்பிட்டார். வேகத்துக்கு வரம்பு வைத்தார். ரயில்வே தரப்பு, வெளிநாட்டு ஆலோசனை நிறுவனம் செய்த வடிவமைப்பைச் சென்னை ஐஐடியும் மும்பை ஐஐடியும் சரிபார்த்தன என்று விளக்கம் தந்தது. ஆணையர் எழுப்பிய கேள்விகளைப் பார்க்க ஒரு குழுவும் போடப்பட்டது. அதற்கெல்லாம் பிறகு, 2025 ஏப்ரல் 6 அன்று பிரதமர் பாலத்தைத் திறந்து வைத்தார்.

அந்த அறிக்கை செய்தியாக வந்தபோது இரண்டு கூட்டம் கிளம்பியது. ‘நம்ம பாலத்தைக் குறை சொல்லலாமா’ என்று ஒன்று, ‘அப்போதே தெரியும், இதில் யார் போவது’ என்று இன்னொன்று. இரண்டுமே பாலத்தைப் புரிந்துகொள்ளாத பேச்சு. பைல் எப்படிப் பாலத்தின் ஒரு உறுப்போ, துத்தநாகப் பூச்சு எப்படி ஒரு உறுப்போ, அப்படியே அந்த அறிக்கையும் ஓர் உறுப்பு. தன் மேல் வந்த கேள்வியைக் கேட்டு, வேகத்தைக் குறைத்து, மறுபடி அளந்து பார்க்கும் முறை உள்ள நாட்டில்தான் நாம் தூங்கிக்கொண்டே கடலைத் தாண்ட முடியும். எழும்பும் கூட்டைப் பார்த்துக் கைதட்டுகிற நாம், ‘இது போதாது’ என்று எழுதிய பேனாவுக்கும் கைதட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் உங்களிடம் சில வேண்டுகோள்கள். வாசலில் தொங்காதீர்கள். வெளியே தலை நீட்டி எடுக்கும் படத்தில் பாலம் தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும். ஜன்னல் வழியாகப் பூஜைப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எறியாதீர்கள். அது கடலில் விழாமல் கர்டரின் மேல் தங்கினால், ஈரத்தையும் உப்பையும் அங்கேயே பிடித்துவைத்துக்கொண்டு பெயின்ட்டைத் தின்னும். அதை எடுக்க ஒருவர் கடலுக்கு மேல் இறங்க வேண்டும். சாலைப் பாலத்தில் காரையும் பைக்கையும் நிறுத்திவிட்டு நடு ரோட்டில் நிற்கிறவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கும்தான்: உங்களுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் தீவுக்கு வேறு சாலை கிடையாது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளிடம் ‘எவ்வளவு உயரம் போகும் பார்’ என்று மட்டும் காட்டாதீர்கள். ‘மோட்டார் அதைத் தூக்குகிறதா, எதிர் எடை தூக்குகிறதா’ என்று கேளுங்கள். ‘இது இன்னும் உயரமாக எழும்பினால் பெரிய கப்பல் இதன் அடியில் போகும், பக்கத்துப் பாலத்தின் அடியில்?’ என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாமல் விட்டாலும் பரவாயில்லை. திரும்பி வரும் பயணத்தில் அவர்களே சொல்வார்கள். சிவில் படித்தால் வேலை கிடைக்காது என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை எவரேனும் அந்தப் பெட்டியில் இருந்தால், இரண்டு நிமிடம் கடலுக்கு மேல் அது வேறு மாதிரி யோசிக்கட்டும்.

தீவுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 2022 டிசம்பரில் ரயில் நின்றபின் இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் மண்டபத்தில் இறங்கி, மூட்டையும் பிள்ளையுமாகப் பஸ் பிடித்தீர்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்தச் சிரமத்தைப் பட்டவர்கள் நீங்கள். சுற்றுலாக்காரர்களின் கைதட்டலைவிட உங்கள் பொறுமைக்குத்தான் இந்தப் பாலம் அதிகம் கடன்பட்டிருக்கிறது. பழைய பாலத்தில் அதிர்வைக் கண்டதும் வண்டியை நிறுத்திய முடிவு உங்களுக்குக் கஷ்டத்தைத் தந்தது. ஆனால் உயிரைப் பத்திரமாக வைத்த முடிவும் அதுவே.

இனியும் பாலம் சில நாள் உங்களை நிறுத்தும். காற்று வரம்பைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு காட்டும். மண்டபத்தில் வண்டி காத்து நிற்கும். கயிற்றைப் பார்க்க, சக்கரத்துக்குக் கிரீஸ் போட, பூச்சு உரிந்த இடத்தில் மறுபடி பூச, சில மணி நேரம் போக்குவரத்தை மூடுவார்கள். அன்றைக்குப் பெட்டியில் யாராவது, ‘இத்தனை கோடி கொட்டிக் கட்டியும் இப்படி நிறுத்துகிறார்களே’ என்று ஆரம்பிப்பார். உடனே நான்கு பேர் சேர்ந்துகொள்வார்கள். அப்போது நீங்கள் அவர்களுக்கு எதிர் எடையைப் பற்றியும் துத்தநாகத்தைப் பற்றியும் 1964ஐப் பற்றியும் சொல்லுங்கள். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவதால்தான் இதை நம்பி ஏறுகிறோம் என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டைக்குப் போகாமல், கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, என்ன கண்டார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பயணிகள் தொடர்ந்து பதில் கேட்டுக்கொண்டே இருந்தால், இந்தப் பாலமும் நூறாண்டைத் தாண்டும்.

அன்புடன்,
உங்களோடு அதே ரயிலில் வரும் ஒருவன்